எடுத்தேன் என்ற சொல்

பல்பீர் கவுர் கைக்கடிகாரத்தைக் கழற்றி
மேசைமேல் வைக்கிறார்.
பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே,
ஆறிப்போன கோப்பியின் பக்கத்தில்,
என் கைப்பேசியில்.

முடி வெளுத்துவிட்டது. கழுத்தில் வெள்ளைப் பட்டி.
இரு பக்கமும் இரண்டு நீதிபதிகள்.
ஒரு கிராமத்தையே காணாமல் செய்தவன் என்று
கூண்டில் ஏற்றப்பட்ட தளபதி
கொட்டாவியை மறைக்கிறான்.
கடிகாரம் புதிது.
கழற்றுகிற விதம் எனக்குத் தெரியும்.

எண்பத்திரண்டில் அவருக்கு இருபத்தேழு வயது.
இந்த ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முதல் நியமனம்.
நான் ஜுருபாசா.
தோட்டத்துத் தமிழை மலாய்க்கு ஏற்றுவேன்,
தீர்ப்பைத் தோட்டத்துத் தமிழுக்கு இறக்குவேன்.
நடுவில் நிற்பவன் முகத்தை
யாரும் பார்ப்பதில்லை.

அன்றைக்குப் பதினான்காவது வழக்கு அங்கப்பன்.
பதினோரு கிலோ ஒட்டுப்பால்.
கிராணி எடை போட்டார், மண்டோர் சாட்சி.
"எடுத்தேங்க. மழையில வழிஞ்சு
மண்ணுல கெடந்துச்சு, எடுத்தேன்."
மணி ஒன்றேகால். எனக்குப் பசி.
"திருடியதை ஒப்புக்கொள்கிறார், புவான்."
மழையும் மண்ணும்
என் வாயிலேயே நின்றுவிட்டன.
மூன்று மாதம்.
அதை மட்டும் பிசகில்லாமல் தமிழாக்கினேன்.

சில வாரம் கழித்துச் சந்தையில்
பீர்க்கங்காய்க்காரி கூட ரெண்டை
அவர் பையில் போட்டு
"எடுத்துக்கம்மா" என்றிருக்கிறாள்.
மறுநாள் அறைக்குக் கூப்பிட்டார்.
எடு என்றால் திருடு என்றா பொருள்?
"இடத்தைப் பொறுத்தது, புவான்."
கடிகாரத்தைக் கழற்றினார்.
குரல் உயரவே இல்லை.

தன் தீர்ப்பைத் திருத்தச் சொல்லித்
தானே கோப்பைக் கட்டி
செரம்பானுக்கு அனுப்பினார்.
மேலிடம் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது.
வேலை, வீட்டுக்கடன், மூன்று பிள்ளைகள்.
மொழிபெயர்ப்பு சரியே, என்று கையெழுத்திட்டேன்.
திருத்த ஒன்றுமில்லை என்று பதில் வந்தபோது
அங்கப்பன் வெளியே வந்து ஒன்பது நாள்.
அவன் லயத்து வீட்டில் வேறு குடும்பம்
சோறு வடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு
சாட்சி வாய் திறக்கும்போதெல்லாம்
என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்பார்:
அவர் சொன்ன சொல் எது?

ஈப்போவுக்கு மாற்றல். ஜொகூர்.
உயர்நீதிமன்றம். புத்ராஜெயா.
பிறகு கடல் தாண்டி,
போர் செய்தவர்களை விசாரிக்கிற மன்றம்.
ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் வெட்டி வைத்தேன்,
எதற்கென்று தெரியாமல்.
இங்கே ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள்,
செம்பனையை வெட்டி வீடு கட்டுகிறார்கள்.

திரையில் இப்போது ஒரு தாய்.
நான் கேட்டேயிராத மொழி.
கண்ணாடி அறைக்குள்ளிருந்து
முகம் தெரியாத ஒருவர் பெயர்க்கிறார்:
"என் மகன்களைக் கைது செய்தார்கள்."

பல்பீர் கவுர் கை உயர்த்துகிறார்.
"சாட்சி சொன்ன சொல் எது?"

அங்கே யாரோ எச்சில் விழுங்குவது
பகாவ் வரைக்கும் கேட்கிறது.
"மன்னிக்கவும். எடுத்துக்கொண்டு போனார்கள்.
அதுதான் சொல்."
"பதிவு செய்யுங்கள்."

கைதுக்கு ஒரு தாள் இருக்கும்,
பூட்டுக்கு ஒரு எண் இருக்கும்.
எடுத்துப்போனதற்கு என்ன இருக்கும்?
தளபதி நிமிர்ந்து உட்கார்கிறான்.
அந்தக் கண்ணாடி அறையில் இருப்பவருக்கு
எத்தனை பிள்ளைகளோ.

கல்லாவில் அங்கப்பன் மகள் தவமணி.
கோர்ட்டில் வேலை பார்த்த சார் என்று
தெரியும் அவளுக்கு, அவ்வளவுதான்.
சொல்லத்தான் வருகிறேன், இருபது வருடமாக.
பசியாறிவிட்டுப் போய்விடுகிறேன்.

பத்து வெள்ளி நீட்டுகிறேன்.
மீதியை மேசைமேல் வைக்கிறாள்.
"எடுத்துக்குங்க சார்."

இரண்டு வெள்ளி எண்பது காசு.
ஈரமேசையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.
இன்னும் கை போகவில்லை.